சிறைக் கப்பலிற் சித்திரம் தீட்டியவர்
(லூயி கார்னரே சரித்திரச் சுருக்கம்)

மோட்சப் பிரயாணத்தை எழுதிய ஜான் பன்யன் பெட்போர்டு நகரச் சிறையிற் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த காலத்தில், நாடாக்களின் முனைகளுக்கு உலோகக் குச்சி பொருத்தி விற்று, கண்பார்வையற்ற மகளும் அடங்கிய தம் குடும்பத்தைத் தாங்கினார் என்பதை நம் கல்லூரி அன்பர் பலர் அறிவர். அவர் நூலைப் போற்றும் நாம், அந்நாடாக்களை நினைப்பது அரிது. ஆயினும் அச்சிறிய தொழில் இல்லாதிருப்பின் அவர் குடும்பத்தின் கதி யாதாயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். சிறைப்பட்டவன் தன் கையால் ஒரு பொருளைச் செய்வது அவனுக்கு எத்தகைய துணையாகும் என்பதை விளக்க, பன்யனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டு வாழ்ந்த ஒரு பிரெஞ்சு மாலுமியின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் அம்புரோவாஸ் லூயி கார்னரே என்பது. கடற்காட்சிகளைத் தீட்டிய ஓவியர் வரிசையில் பிரான்சு தேசத்தார் இன்றும் அவரை மதித்துப் பேசுகின்றனர்.

பிறப்பும் இளமையும்

கார்னரே 1783-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ந் தேதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஜான் பிரான்சுவா கார்னரே, புகழ்பெற்ற ஓவியர் தாவீத் என்பவரிடம் பயின்றவர். உடன்பிறந்தோருள் ஒகுஸ்த், இப்போலித் என்னும் இருவரும் பின்னாளில் ஓவியராகவே விளங்கினர். ஆகவே வண்ணமும் தூரிகையும் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களாயிருந்தன. மூத்த மகனுக்கும் தந்தையார் சித்திரம் வரையப் பயிற்சி அளித்தார். ஆனால் அச்சிறுவனுடைய மனமோ கடலையே நாடியது. உறவினர் ஒருவர் 'லா போர்த்' என்னும் போர்க்கப்பலின் தலைவராயிருந்தமையின், அவர் துணைகொண்டு 1796-ம் ஆண்டில், தமது பதின்மூன்றாம் வயதில், கார்னரே கடற்படையிற் சேர்ந்தார்.

அக்கப்பல் தளபதி செர்சே என்பவரின் படைத்தொகுதியில் ஒன்றாய், இந்து மகா சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுத் தீவை நோக்கிப் புறப்பட்டது. அத்தீவே இக்காலத்து மொரீஷியஸ் ஆகும். அடிமைமுறை ஒழிந்தது என்னும் பிரெஞ்சுக் குடியரசின் கட்டளையைக் கொண்டு சென்ற இரண்டு பிரதிநிதிகளும் அத்தொகுதியிற் சென்றனர். தீவின் தோட்டக்காரர்களோ அக்கட்டளையை ஏற்க மறுத்து, அவ்விருவரையும் திருப்பி அனுப்பிவிட்டனர். பிறர் விடுதலையை மறுத்த அத்தீவிலே தம் கடல் வாழ்க்கையைத் தொடங்கிய சிறுவன், பின்னர்த் தன் விடுதலைக்காக எட்டாண்டு ஏங்கும்படி நேர்ந்தது விதியின் விசித்திரம் எனலாம்.

கீழ்க்கடலில்

பின் வந்த பத்தாண்டுகளும் கார்னரேக்கு ஓயாத போராட்டமாகவே கழிந்தன. லெர்மீத் என்னும் தலைவரின்கீழ் 'பிரெனேஸ்' என்னும் கப்பலில் அவர் பணிபுரிந்தார். அக்கப்பல் 1799-ம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலக் கப்பல்களால் துரத்தப்பட்டு மொரீஷியஸ் கரையருகே அழிந்தது. அடுத்த ஆண்டில் ராபர்ட் சுர்கூப் என்பவரோடு அவர் சேர்ந்தார். சுர்கூப், அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டோடு பகைவர் வாணிபக் கப்பல்களைக் கைப்பற்றும் தொழிலினர். வங்காளக் குடாக்கடலிற் செல்லும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அவர் பெயரைக் கேட்டே அஞ்சின. 1800-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கங்கை முகத்துவாரத்தை ஒட்டிய கடலில், கென்ட் என்னும் பெரிய கம்பெனிக் கப்பலை, ஆட்பலத்திலும் உருவத்திலும் மிகச் சிறியதான 'கான்பியான்ஸ்' என்னும் தம் கப்பலைக்கொண்டு சுர்கூப் கைப்பற்றினார். அந்தச் சண்டையில் தாமும் இருந்ததாகக் கார்னரே பிற்காலத்தில் எழுதியதோடு, அதைப் பெரிய ஓவியமாகவும் தீட்டினார்.

இதோடு அவர் மறைக்காது எழுதிய பிறிதொரு செய்தியையும் நாம் மறைத்தல் முறையன்று. இடைக்காலத்தில் அவர் ஆப்பிரிக்கக் கீழ்க்கரையினின்று மக்களை ஏற்றிச் சென்ற அடிமை வாணிபக் கப்பலொன்றிலும் பணிபுரிந்தார். கப்பலின் அடித்தளத்தில் மனிதரை நெருக்கி அடைத்துச் செல்லும் கொடுமையை அவர் தம் கண்களாற் கண்டார். அதன் ஊதியத்திலும் பங்கு கொண்டார். பெரியோர் சரித்திரத்தை எழுதுவோர் அவர்தம் குறைகளை நீக்கிவிட்டு எழுதினால் அது சரித்திரமாகாது.

பிடிபடுதல்

1806-ம் ஆண்டில் தளபதி லினுவா என்பவர், நெடுநாள் கீழ்க்கடலில் உழன்ற தம் இரண்டு கப்பல்களோடு பிரான்சு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஒன்று மரெங்கோ, மற்றொன்று பெல் பூல். கார்னரே பின்னதில் இருந்தார். மார்ச்சு மாதம் 13-ந் தேதி விடியுமுன், அட்லாண்டிக் சமுத்திரத்தில், இருளிடையே சில கப்பல்கள் தென்பட்டன. அவை வாணிபக் கப்பல்கள் என்று கருதி லினுவா நெருங்கினார். நெருங்கிய பின்னரே அவை ஆங்கிலத் தளபதி வாரன் என்பவரின் போர்க்கப்பல்கள் என்பது புலனாயிற்று. சில மணி நேரப் போரின் பின்னர் இரு பிரெஞ்சுக் கப்பல்களும் பணிந்தன. காயமுற்ற கார்னரேயும் மற்றவர்களோடு கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

முந்திய யுத்தங்களில், இரு திறத்தாரும் கைதிகளை ஒருவருக்கு ஒருவராய் மாற்றிக்கொள்ளுதல் வழக்கமாயிருந்தது. 1803-ம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபோது, பிரான்சில் இருந்த ஆங்கிலக் குடிமக்களை நெப்போலியன் தடுத்து வைத்தமையால் எழுந்த மனத்தாங்கலில் அவ்வழக்கம் பெரும்பாலும் நின்றுபோயிற்று. ஆகவே பிடிபட்டவர்கள் யுத்தம் முடியுங்காறும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது எப்பொழுது முடியும் என்று சொல்வார் எவரும் இலர். 1803 முதல் 1814 வரையில் பிரிட்டனிற் சிறையிருந்த சிப்பாய்களும் மாலுமிகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்.

சிறைக் கப்பல்கள்

இத்துணைப் பேரை எங்கே அடைப்பது? நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797-ம் ஆண்டிலும், டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில் 1809-ம் ஆண்டிலும் பெருஞ்சிறைகள் திறக்கப்பட்டன. அவையும் போதாமையால், போருக்குதவாத பழங்கப்பல்களின் பாய்மரங்களைக் களைந்துவிட்டு, போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய துறைமுகங்களில் நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றையே சிறைகளாக்கினர். ஆங்கிலர் அவற்றை ஹல்க் என்றும், பிரெஞ்சுக்காரர் போந்தோன் என்றும் வழங்கினர். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நின்ற புரோத்தே, கிரௌன், வெஞ்சன்ஸ் என்னும் மூன்று கப்பல்களிலே கார்னரே தம் சிறை வாழ்க்கையைக் கழித்தார்.

இக்கப்பல்களின் உள்ளிடம் நிமிர்ந்து நிற்கவும் உயரம் போதாதது. நூற்றுக்கணக்கானோர் தூக்குப் படுக்கைகளை நெருக்கிக் கட்டிப் படுத்தனர். இரவில் பீரங்கித் துளைகளை அடைத்துவிடுவதால் காற்றுப் புகுவதற்கு வழியில்லை. காலையில் அவற்றைத் திறக்குங்கால் வெளிவரும் நாற்றம் தாங்கமுடியாததாயிருக்கும். கைதிகளுக்கு அளிக்கப்பட்ட மஞ்சள் நிற உடையில், அவர்களைப் பராமரித்த போக்குவரத்து இலாகாவின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தன. தப்பியோடுவோனை எளிதில் அறிதற்பொருட்டு இவ்வாறு செய்தனர். ஆகாரமோ, ரொட்டியும் சிறிது இறைச்சியும், சில நாட்களில் இறைச்சிக்குப் பதிலாக மீனுமாம். அதிலும் ஒப்பந்தக்காரர்கள் வஞ்சித்தனர் என்பது கைதிகளின் முறையீடு.

ஆயினும் பசியையும் நாற்றத்தையும் விடக் கொடியது வேலையின்மையே. உடலுழைப்பில்லாத இளைஞர்கள் நூற்றுக்கணக்காய் ஓரிடத்தில் அடைபட்டிருப்பின் என்ன விளையும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சூதாட்டம் பெருகிற்று. பணம் இல்லாதவர் தம் உணவைப் பந்தயம் வைத்தனர். பிறகு போர்வையை வைத்தனர். இறுதியில் உடுத்த உடையையும் வைத்து இழந்தனர். இவ்வாறு அனைத்தையும் தோற்றவர்கள் கப்பலின் ஒரு மூலையில், அரை நிர்வாணமாய், குளிருக்கு ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு வெறும் பலகையிற் கிடந்தனர். 'ராபலே' என்று மற்றக் கைதிகளால் இகழப்பட்ட இக்கூட்டத்தாரைக் கார்னரே தம் நூலில் விரித்துரைத்திருக்கின்றார். அவர்கள் பிறவியிலேயே தீயவர் அல்லர். பிரான்சின் வயல்களிலும் பட்டறைகளிலும் நேர்மையாய் உழைத்துப் பிழைத்தவர்களே அவருட் பலர். கைக்கு வேலையில்லாது போனமையால் மனமும் கெட்டது.

எலும்பும் வைக்கோலும்

இந்நரகத்தினின்று தம்மை மீட்டுக்கொள்ளக் கைதிகளிற் பலர் கண்ட வழி கைத்தொழிலே. அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள் யாது? சமையற் கொப்பரையில் மிஞ்சிய மாட்டெலும்பு, படுக்கைக்கு வந்த வைக்கோல், உடைந்த மரத்துண்டு, தம் தலைமயிர். இவற்றைக்கொண்டே அவர்கள் செய்த பொருள்கள் இன்றும் காட்சிச்சாலைகளில் வைத்துப் போற்றப்படுகின்றன.

எலும்பை நன்றாக வேகவைத்துக் கொழுப்பை நீக்கி, வெயிலில் உலர்த்தி வெளுப்பார்கள். பின்னர் அதை மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரத்தாற் செதுக்கிய கப்பலுருவின்மேல் ஒவ்வொன்றாய்ப் பதித்து, நுண்ணிய ஆணிகளால் இறுக்குவார்கள். பாய்மரக் கயிறுகளுக்கு நூலும் மயிரும் உதவின. சில கப்பல்களில், பின்புறத்தில் நூலொன்றை இழுத்தால் பீரங்கிகள் அனைத்தும் உள்ளே செல்லும்படி அமைத்திருக்கின்றனர். ஒருவனே முழுக் கப்பலையும் செய்வதன்றி, தந்தம் செதுக்கத் தெரிந்தவன், தச்சன், கயிறு கட்டத் தெரிந்த மாலுமி எனப் பலர் கூடி வேலையைப் பகிர்ந்துகொள்ளுதலும் உண்டு. சொக்கட்டான் போன்ற ஆட்டங்களுக்குரிய காய்கள், பெட்டிகள், நூல் நூற்கும் பெண்ணுருவங்கள், தம் நாட்டுத் தலைவெட்டும் எந்திரத்தின் சிற்றுருவங்கள் முதலியனவும் எலும்பினாற் செய்யப்பட்டன.

வைக்கோலை நீளவாட்டிற் பிளந்து, தட்டையாக்கி, சாயமேற்றி, மரப்பெட்டிகளின்மேல் ஒட்டிப் பூவும் கொடியும் மாளிகையுமாகச் சித்திரிப்பது மற்றொரு வேலை. நார்மன் கிராஸ் சிறையில் ஆக்கப்பட்ட இத்தகைய பெட்டிகளைப் பீட்டர்பரோ நகரக் காட்சிச்சாலையிற் காண்பவர், அவை பொன்தகட்டால் இழைக்கப்பட்டனவோ என்று மயங்குவர். சிறைவாயிலில் கூடும் சந்தைக்கு ஊரார் வந்து இப்பொருள்களை விலைக்கு வாங்கிச் செல்வது வழக்கம்.

ஆனால் எல்லாத் தொழிலும் அனுமதிக்கப்படவில்லை. தொப்பிகளுக்கான வைக்கோற் பின்னலைக் கைதிகள் செய்து மலிவாக விற்றதனால், அச்சுற்றுப்புறத்தில் அதே தொழிலால் பிழைத்த ஏழை ஆங்கிலப் பெண்களும் சிறுவரும் நலிந்தனர். அரசாங்கத்துக்கும் வரி குறைந்தது. ஆகவே அப்பின்னல் தடை செய்யப்பட்டது. தடையை மீறி இரவில் வைக்கோலை உள்ளே கடத்துவதும் பின்னலை வெளியே கடத்துவதும் நடந்தன. காவற் சிப்பாய்களே அதற்கு உடந்தையாயினர். கைதியின் பசியும் உண்மை. கரையிலிருந்த ஏழையின் பசியும் உண்மை. இவ்விரண்டிடையே நீதி கூறுதல் எளிதன்று.

சிலர் இதனினும் இழிந்த வழியிற் சென்று, கள்ள நோட்டுக்களைத் தயாரித்தனர். நோட்டில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் பேனாவினால் பிசகாது வரையும் கைத்திறன் அவர்க்கிருந்தது. எலும்பிற் கப்பல் கட்டிய திறனும், நோட்டிற் பொய் எழுதிய திறனும் ஒரே திறனே. கைத்தொழில் தானாக மனிதனை நல்லவனாக்கிவிடாது என்பதற்கும் அச்சிறைகளே சான்று.

கார்னரேயின் தூரிகை

கார்னரே எலும்பைச் செதுக்கவில்லை. சிறு வயதில் தந்தையிடம் கற்ற வித்தை அவர்க்குத் துணை வந்தது. அதைத் தவிர்த்துச் சென்ற பத்தாண்டுகளில் கயிற்றையும் கத்தியையும் பிடித்துக் காய்த்துப்போன கைகள், மீண்டும் தூரிகையைப் பிடிக்கத் தொடங்கின. முதலில், அருகிருந்தோரின் உருவப் படங்களைச் சொற்பக் கூலிக்கு வரைந்தார். பின்னர் கடற்காட்சிகளைத் தீட்டினார். கரையிலிருந்த பட வியாபாரி ஒருவர் அவற்றை விலைக்கு வாங்கலானார். ஓவியருக்குக் கிடைத்தது சிறு தொகை. வியாபாரிக்குக் கிடைத்த ஆதாயமோ பெரிது. ஆயினும் அச்சிறு தொகையால் நல்ல உணவும், வண்ணமும், வேலை செய்வதற்குச் சிறிது தனியிடமும் கிடைத்தன.

அவர் ஓவியங்களில் ஆங்கிலர் கண்ட சிறப்பு யாதெனின், கப்பலின் உண்மையே. எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் எவ்வாறு புடைக்கும், எந்தக் கயிறு எந்தக் கட்டையில் முடியும் என்பனவற்றைக் கரையிலிருந்து பார்த்து வரையும் ஓவியர் ஊகித்தே எழுத வேண்டும். கார்னரேயோ அப்பாய்மரங்களில் ஏறியவர், அக்கயிறுகளைக் கட்டியவர். தம்மைச் சிறைபிடித்த நாட்டினர் தம் வீட்டுச் சுவர்களில் மாட்டுவதற்கு, பிரெஞ்சுக் கைதி ஒருவர் சிறைக்கப்பலின் உள்ளிருந்தே கடலின் அழகை எழுதி அனுப்பினார்.

தம்மைச் சூழ்ந்திருந்த காட்சியையும் அவர் எழுதாமல் விடவில்லை. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பாய்மரமிழந்த கப்பல்கள் கரிய சவப்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையாக நிற்கும் காட்சியை அவர் பன்முறை தீட்டினார். அவற்றுள் ஒன்று லண்டனை அடுத்த கிரீனிச்சிலுள்ள கடற்காட்சிச்சாலையில் இருக்கின்றது. அதில் வானம் அமைதியாயிருக்கின்றது, நீரும் அமைதியாயிருக்கின்றது. கைதிகளின் முகம் ஒன்றையேனும் பெரிதாகக் காட்டி இரக்கம் வருவிக்க அவர் முயலவில்லை. ஆனால் அக்கப்பல்களின் உள்ளே யாது நிகழ்ந்தது என்பதை அறிந்தவர், அவ்வமைதியை நோக்கி நெடுநேரம் நிற்க இயலாது.

தூரிகை கிடைத்துவிட்டமையால் விடுதலை வேட்கை தணிந்துவிட்டதென்று கருதலாகாது. அவர் தப்பியோட முயன்று மீண்டும் அகப்பட்டவர். தொழில் அவரைச் சிறையோடு இணங்கிப்போகச் செய்யவில்லை. சிறை அவரை அழித்துவிடாமற் காத்தது. மூலையிற் கிடந்த ராபலேக்களுக்கும் அவருக்கும் உணவிலும் காற்றிலும் தொடக்கத்தில் வேற்றுமை இருந்ததில்லை. காலையில் எழுந்தவுடன் முடிக்க வேண்டிய வேலையொன்று தமக்கிருக்கிறது என்னும் நினைவே வேற்றுமை.

விடுதலையும் புகழும்

1814-ம் ஆண்டில் நெப்போலியன் பதவியிழக்க, சிறைக்கதவுகள் திறந்தன. இருபத்துமூன்று வயதிற் சிறை புகுந்தவர் முப்பத்தோராம் வயதில் தாய்நாடு திரும்பினார். போர் ஓய்ந்த பிரான்சில் மாலுமிகளுக்கு வேலை அரிதாயிருந்தது. கடல் தம்மைக் கைவிட்டபோது, சிறையிற் பழகிய தொழிலே அவரைத் தாங்கிற்று. பாரிசில் தங்கி ஓவியத்தையே வாழ்க்கையாகக் கொண்டார். 1817-ம் ஆண்டில், பிரான்சின் பெருங்கடற்றலைவராயிருந்த ஆங்குலேம் கோமகன் அவரைத் தம் கடலோவியராக நியமித்தார். அந்நாட்டில் அத்தகைய பதவியை வகித்தவருள் அவரே முதல்வர் என்பர்.

பிறகு பிரான்சின் துறைமுகங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து, அவற்றின் காட்சிகளைச் செப்புத்தகட்டிற் செதுக்கி வெளியிட்டார். அத்துறைமுகங்களின் அக்காலத்துத் தோற்றத்தை அறிய விரும்புவோர்க்கு இப்படங்கள் இன்றும் பயன்படுகின்றன. 1827-ம் ஆண்டில் நவரினோ என்னுமிடத்தில் ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் ருஷ்யரும் ஒன்றுகூடித் துருக்கி எகிப்து கப்பற்படைகளை வென்ற போரையும் அவர் தீட்டினார். தம்மைச் சிறையிலிட்ட நாட்டின் கப்பலும் தம் நாட்டின் கப்பலும் ஒரே பக்கத்தில் நின்று போர்புரிவதை எழுதுங்கால் அவர் மனம் என்ன நினைத்ததோ! பின்னர் ரூவான் நகரக் கலைக்காட்சிச்சாலையின் தலைவராகவும், செவ்ர் என்னும் ஊரிலுள்ள புகழ்பெற்ற பீங்கான் தொழிற்சாலையில் ஓவியராகவும் பணிபுரிந்தார்.

திமிங்கில வேட்டையைக் குறித்து அவர் எழுதிய இரண்டு படங்கள் அச்சிலே பரவி, அமெரிக்க ஆசிரியர் ஹெர்மன் மெல்வில் என்பவரின் பார்வைக்கு எட்டின. 1851-ம் ஆண்டில் வெளிவந்த மோபி டிக் என்னும் தம் பெருங்கதையில், திமிங்கிலப் படங்களை ஆராயும் ஓர் அத்தியாயத்தில், இவையே தலைசிறந்தவை என்று மெல்வில் பாராட்டுகின்றார். இவ்வோவியர் யார் என்பது தமக்குத் தெரியாது என்றும், ஆயினும் அவர் அத்தொழிலை நேரில் அறிந்தவராகவோ அன்றி அறிந்தவரிடம் நன்கு கேட்டவராகவோ இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றார். பத்தாண்டு கடலிலும் எட்டாண்டு சிறைக்கப்பலிலும் கற்ற கல்வி, அவரை அறியாத ஒருவரின் கண்ணுக்கும் தப்பவில்லை.

அவர் எழுதிய நூல்

முதுமையில் கார்னரே தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். சிறைக்கப்பல் நாட்களை விவரிக்கும் பகுதி 'என் போந்தோன்கள்' என்னும் பொருளுடைய பெயரோடு 1851-ம் ஆண்டை ஒட்டி வெளிவந்தது. அதைப் படித்த பிரெஞ்சு மக்கள் கண்ணீர் சொரிந்தனர். ஆங்கிலர்மீது கோபமும் கொண்டனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அந்நூலைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதிற் பல நிகழ்ச்சிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றும், சில பிறர்க்கு நேர்ந்தவை என்றும் முடிவு செய்திருக்கின்றனர். நாற்பதாண்டு கழித்து, கதை விரும்பும் மக்களுக்காக எழுதிய நூலில் இது நேர்வது இயல்பே. ஆதலின் அவர் சொல்லை முற்றும் நம்புதலும் கூடாது. முற்றும் தள்ளுதலும் கூடாது. சிறைக்கப்பல்களின் நெருக்கத்தையும் துர்நாற்றத்தையும் சூதாட்டத்தையும் வேறு பலரும் எழுதிவைத்துள்ளனர்.

கார்னரே 1857-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ந் தேதி, தமது எழுபத்துநான்காம் வயதில், பிறந்த நகரமாகிய பாரிசிலேயே காலமானார்.

முடிவுரை

இச்சரித்திரத்தினின்று மாணவராகிய நாம் பெறத்தக்கது யாது? முயன்றால் எவரும் புகழடையலாம் என்று கூறி முடிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. ஓவியரின் மகனாய்ப் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே பயிற்சி பெற்றமையாற்றான் கார்னரே சிறையிலும் ஓவியராக முடிந்தது. அவர்க்கு வாய்த்த அந்நல்வாய்ப்பு அருகிருந்த நூற்றுக்கணக்கானோர்க்கு வாய்க்கவில்லை. அவர்கள் தமக்குக் கிடைத்த எலும்பைக்கொண்டே தம்மைக் காத்துக்கொண்டனர். அவரிடையே, ஒருகாலத்தில் கார்னரே பணிபுரிந்த அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்த மக்களையும் நாம் நினைத்தல் வேண்டும். அவர்களுக்கு எலும்பும் கத்தியும் சந்தையும் இல்லை. அவர்கள் கைகள் பிறருடைய கரும்புத் தோட்டத்துக்கென்றே விலைக்கு விற்கப்பட்டன. கைக்கு வேலை இருந்தால் மட்டும் போதாது. அவ்வேலை தன்னுடையதாயும் இருத்தல் வேண்டும் என்பதை இவ்விரு காட்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

கார்னரேயின் ஓவியங்களில் மூலையிலே அவர் கையொப்பம் இருக்கின்றது. பீட்டர்பரோ காட்சிச்சாலையிலுள்ள எலும்புக் கப்பல்களிலும் வைக்கோற் பெட்டிகளிலும் பெரும்பாலானவற்றைச் செய்தவர் பெயர் எவர்க்கும் தெரியாது. நார்மன் கிராஸ் சிறையில் மட்டும் நோயால் மாண்டவர் ஆயிரத்தெழுநூற்றுக்கு மேற்பட்டவர். அப்பெட்டிகளுள் சில அவர் கை செய்தனவாகவும் இருக்கலாம். வீடு திரும்பியவர்களும், மீண்டும் ஏர் பிடித்தோ வலை வீசியோ வாழ்ந்து மறைந்தனர். ஆயினும் அவர் ஒட்டிய வைக்கோல் இருநூறாண்டு கழிந்தும் பெயராமல் இருக்கின்றது. அவர் கட்டிய நூலை இழுத்தால் சில கப்பல்களின் பீரங்கிகள் இன்னும் அசையக்கூடும். புகழ்பெற்ற ஒருவரின் சரித்திரத்தைப் படித்து முடிக்குங்கால், பெயர் பெறாத அக்கைகளுக்கும் நம் வணக்கத்தைச் செலுத்துவோமாக.